தாத்தா எந்த ஊரில் பிறந்தார்? பழைய பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளில் முன்னோரைத் தேடும் வழி

என் அப்பத்தாவின் பிறப்புப் பதிவைக் கண்டுபிடிக்க மூன்று வருஷம் ஆனது. கிடைத்தபோது அது ஒரே ஒரு வரி. தேதி, தகப்பன் பெயர், ஜாதி, அப்புறம் ‘பெண்’ என்று ஒரு சொல். குழந்தையின் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.

மூன்று வருஷம் ஆனதற்கு அரசாங்கத்தைக் குறை சொல்ல ஆசைதான். ஆனால் அதில் இரண்டு வருஷத்தை வீணாக்கியது நானே. அப்பத்தாவின் பெயரை வைத்துத் தேடினேன். பதிவேட்டிலோ பெயரே இல்லை. அவருடைய தகப்பனார் ஊரில் தேடினேன். அவர் பிறந்ததோ தாயாரின் ஊரில். 1936இல் தேடினேன், பிறந்ததோ 1937இல். புதிதாகக் குடும்ப வரலாறு தேட வருகிற யாரும் இந்த மூன்று தப்பையும் செய்வார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். சென்னை ராஜதானியாக இருந்து தமிழ்நாடு ஆன பகுதிதான் இதில் பெரும்பகுதி. புதுச்சேரி, இலங்கை வேர் உள்ளவர்களுக்குக் கடைசியில் தனியாகக் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். நம் பதிவேடுகளில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் ஊர். அதற்கடுத்து தகப்பன் பெயர். ஆள் பெயர் மூன்றாவதுதான். குடும்பப் பெயர் என்று ஒன்று நம்மில் பலருக்குக் கிடையாது. பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கத்தால் ஒரே ஊரில் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பத் திரும்ப வரும். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் முப்பாட்டனைப் பிடித்துவிட்டுத் தாத்தா என்று நினைத்துக்கொள்வீர்கள்.

முதல் படி: எந்தக் காலத்தில் என்ன பதிவு இருந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சட்ட வரலாறு அலுப்பான விஷயம்தான். ஆனால் இது தெரியாமல் போனால் இல்லாத பதிவேட்டைக் கேட்டு அலைவீர்கள்.

சர்க்கார் முதலில் எண்ண ஆரம்பித்தது சாவை. காலராவும் வைசூரியும் எந்தப் பக்கம் பரவுகின்றன என்று தெரிய வேண்டியிருந்தது. சென்னை ராஜதானிக்குச் சுகாதாரக் கமிஷன் 1864இல் வந்தது; ஊர்வாரியாக இறப்புக் கணக்கு மேலே போகத் தொடங்கியதும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். கிராமத்தில் ஊர்க் காவல்காரரான தலையாரி வந்து சொல்ல, மணியக்காரர் அல்லது கிராம முன்சீப் எழுதிக்கொள்வார். மேலே போனது பெரும்பாலும் எண்ணிக்கைதான். உங்கள் கொள்ளுப்பாட்டனுக்கு அதில் ஒரு வரி இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

1886இல் இந்தியா முழுமைக்கும் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுச் சட்டம் ஒன்று வந்தது. அது விருப்பப்பட்டவர்கள் பதிந்துகொள்ளும் சட்டம். நடைமுறையில் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர், கிறிஸ்தவர்களுக்குத்தான் பயன்பட்டது. சாதாரண ஊர் மக்களுக்கு முக்கியமானது 1899ஆம் ஆண்டின் சென்னைப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். அதுவும் ஒரே நாளில் எல்லா ஊருக்கும் வந்துவிடவில்லை, அறிவிக்கை போட்டுப் போட்டுப் பரவியது. ஆகவே 1900க்கு முந்தைய கிராமத்துப் பிறப்பு வரி கிடைத்தால் அதிர்ஷ்டம். 1920, 30களில் கிடைத்தால் ஆச்சரியமில்லை. 1950க்குப் பிறகும் விடுபட்ட குழந்தைகள் ஏராளம், குறிப்பாக வீட்டுப் பிரசவங்கள்.

1969இல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் போட்டது. தமிழ்நாட்டில் அது 1970 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் இந்தச் சட்டத்தினுடையது. 2000இல் படிவங்கள் மாறின. அப்போதிருந்து படிவத்துக்கு இரண்டு பாகம்: சட்டப் பகுதி பதிவேட்டில் தங்கும், தாயின் வயது, படிப்பு, எத்தனையாவது குழந்தை என்பவை அடங்கிய புள்ளிவிவரப் பகுதி கிழித்து மேலே அனுப்பப்படும். நமக்குப் பிடித்த விவரமெல்லாம் அந்தக் கிழித்த பாதியில் போய்விடும், என்ன செய்ய. 2018 முதல் தமிழ்நாட்டுப் பதிவுகள் ஒரே இணையதளத்தில் ஏறுகின்றன. 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றே ஆதாரம்.

இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: கிராம முன்சீப், கணக்குப்பிள்ளை பதவிகளை 1980இல் ஒழித்துவிட்டுத்தான் கிராம நிர்வாக அலுவலர்கள், அதாவது வி.ஏ.ஓ.க்கள் வந்தார்கள். அதற்கு முந்தைய காலத்தைப் பற்றிப் பேசும்போது ஊர்ப் பெரியவர்கள் ‘மணியம் வீட்டு நோட்டு’ என்றுதான் சொல்வார்கள். புரிந்துகொள்ளுங்கள், பதிவேட்டைத்தான் சொல்கிறார்கள்.

இரண்டாம் படி: அலுவலகத்துக்கு முன் அலமாரி

கடைசியாக இறந்தவரிலிருந்து பின்னோக்கிப் போங்கள். 1995இல் தாத்தா இறந்திருந்தால் அவருடைய இறப்புச் சான்றில் அவர் தகப்பனார் பெயர், முகவரி இருக்கும். அங்கிருந்து ஒரு தலைமுறை மேலே ஏறலாம். கொள்ளுத்தாத்தாவில் தொடங்கிக் கீழே இறங்க முயன்றால் வழி தவறிவிடும்.

வீட்டில் தேட வேண்டியவை: ஜாதகம், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பாகப்பிரிவினைப் பத்திரம், பழைய குடும்ப அட்டை. மொய் நோட்டை மறக்காதீர்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் உள்ள பிறந்த தேதியை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயசு ஆகிவிட்டது என்று கணக்கு. தொட்டவுடன் வாத்தியார் ஜூன் மாசத்தில் ஒரு தேதி போட்டு எழுதிக்கொள்வார். நம் தாத்தாக்களில் இத்தனை பேர் ஜூனில் பிறந்திருப்பதன் மர்மம் அதுதான். ஜாதகம் பெரும்பாலும் உண்மை சொல்லும். ஏனென்றால் அதில் பொய் எழுதினால் கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்க முடியாது.

மூன்றாம் படி: தமிழ் வருஷத்தை ஆங்கில வருஷமாக்குவது

அப்பத்தா சாகும்வரை தன் வயதைச் சொன்னது ஒரே விதமாகத்தான்: ‘நான் தாது வருஷம் தை மாசம் பொறந்தவ.’ தமிழ் வருஷங்கள் அறுபது. ஒரு சுற்று முடிந்தால் அதே பெயர் திரும்ப வரும். தாது என்பது 1876, 1936, 1996. லட்சக்கணக்கான பேர் மாண்ட தாது வருஷப் பஞ்சம் 1876இல் தொடங்கியது. அப்பத்தாவின் தாது அதற்கு அடுத்த சுற்று. ஒருவருடைய பேரப்பிள்ளை வயதைப் பார்த்தாலே எந்தச் சுற்று என்று சொல்லிவிடலாம், அதில் குழப்பம் வராது.

குழப்பம் வருவது மாசத்தில். தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. தாது வருஷத்துச் சித்திரை முதல் மார்கழி நடுப்பகுதி வரை 1936. மார்கழி பிற்பாதி, தை, மாசி, பங்குனி எல்லாம் 1937. நான் ‘தாது என்றால் 1936’ என்று பஞ்சாங்கத்திலிருந்து எடுத்து அப்படியே விண்ணப்பத்தில் எழுதினேன். தை மாசம் என்று அவர் சொன்னது காதில் விழுந்தும் உறைக்கவில்லை.

ஒரு சுலபக் கணக்கு: சுற்றின் முதல் வருஷமான பிரபவ 1867, 1927, 1987 ஆகியவற்றில் வந்தது. வருஷப் பட்டியலில் உங்கள் வருஷம் எத்தனையாவது என்று எண்ணி, ஒன்றைக் கழித்து, இதனோடு கூட்டுங்கள். தாது பத்தாவது, 1927 கூட்டல் 9, 1936. மார்கழி பிற்பாதியிலிருந்து பங்குனிக்குள் என்றால் இன்னும் ஒன்று கூட்டுங்கள்.

ஜாதகம் இல்லையென்றால் சம்பவத்தைக் கேளுங்கள். ‘காந்தியைச் சுட்டப்போ நான் கைக்குழந்தை’ என்றால் 1948 ஜனவரிக்குக் கொஞ்சம் முன். ‘தனுஷ்கோடி புயலப்போ வயித்துல இருந்தேன்’ என்றால் 1965. ‘உங்களுக்கு எத்தனை வயசு’ என்று கேட்டால் பெரியவர்கள் பத்தின் மடங்கில்தான் சொல்வார்கள். ‘உங்களுக்கு மூத்தது யார், எத்தனை வருஷம் மூத்தது’ என்று கேட்டுப் பாருங்கள், பட்டென்று சரியாக வரும்.

நான்காம் படி: ஊரைக் கண்டுபிடிப்பது

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. நிறுத்தி நிதானமாகச் செய்யுங்கள்.

பிறப்போ இறப்போ எங்கே நடந்ததோ அந்த ஊர்ப் பதிவேட்டில்தான் ஏறும். குடும்பம் எந்த ஊர் என்பது பதிவாளருக்கு ஒரு பொருட்டே கிடையாது. நம் வழக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஆகவே மூத்த பிள்ளையைத் தேடுகிறீர்கள் என்றால் முதலில் தாயாரின் பிறந்த ஊருக்குப் போங்கள். இரண்டாவது, மூன்றாவது பிள்ளை பெரும்பாலும் தகப்பன் ஊரில் பிறந்திருக்கும். அதிலும் கஷ்டப் பிரசவம் என்றால் வண்டி கட்டிக்கொண்டு மிஷன் ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து டவுன் ஆஸ்பத்திரிக்கோ போயிருப்பார்கள். அப்போது பதிவு அந்த டவுன் நகராட்சியில்.

நான் அப்பத்தாவின் தகப்பனார் ஊர்ப் பதிவேட்டை இரண்டு தடவை தேடச் சொல்லி இரண்டு தடவையும் இல்லை என்று வாங்கிக்கொண்டு வந்தேன். கடைசியில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், எண்பது வயதைத் தாண்டிய அத்தை ஒருத்தர் ரசத்தைக் கையில் வாங்கிக்கொண்டே கேட்டார்: ‘தலைச்சம்பிள்ளைக்கு அவுக ஆத்தா வீட்டுக்குத்தானப்பா போயிருப்பாக?’ பக்கத்துத் தாலுகா. முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது.

இறப்புக்கும் இதே கதைதான். மதுரையிலோ தஞ்சாவூரிலோ பெரியாஸ்பத்திரியில் உயிர் போய், ஊருக்குக் கொண்டுவந்து எரித்திருந்தால் பதிவு அந்த நகரத்து மாநகராட்சியில் இருக்கும், ஊர் வி.ஏ.ஓ.விடம் இருக்காது.

அடுத்து, அந்த ஊர் அப்போது எதில் இருந்தது என்று பாருங்கள். இன்றைய மாவட்டப் பெயரைச் சொல்லிப் பழைய ஆவணத்தைத் தேட முடியாது. மயிலாடுதுறை 2020இல்தான் மாவட்டம். அதற்கு முன் நாகப்பட்டினம், 1991க்கு முன் தஞ்சாவூர். தேனி 1996 வரை மதுரை. சிவகங்கையும் விருதுநகரும் 1985 வரை ராமநாதபுரம். தென்காசி 2019 வரை திருநெல்வேலி. மாவட்டம் மாறினாலும் தாலுகாவும் சார்பதிவகமும் ஓரளவு தொடர்ச்சியாக இருக்கும், அதனால் தாலுகாவைப் பிடியுங்கள்.

சில ஊர்களுக்கு ராஜாங்கமே வேறு. புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 வரை மலையாளப் பக்கம்; திருவிதாங்கூர் ஆவணங்களில் கொல்லம் ஆண்டும் மலையாள எழுத்தும் இருக்கும். கொல்லம் ஆண்டு 1100 என்பது 1924 ஆகஸ்டில் தொடங்கியது. அதாவது 824ஐக் கூட்டுங்கள். ஜனவரிக்குப் பிறகு என்றால் 825.

ஐந்தாம் படி: எந்த அலுவலகம், என்ன கேட்பது

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்றால் அந்தந்த அலுவலகத்துச் சுகாதாரப் பிரிவு. சென்னை மாநகராட்சியின் சான்றுகளை அதன் இணையதளத்திலேயே இலவசமாகத் தேடி இறக்கிக்கொள்ளலாம். கிராமம் என்றால் புதிய பதிவு வி.ஏ.ஓ.விடம். கொஞ்சம் பழையதானால் வட்டாட்சியர் அலுவலகம். இன்னும் பழையவை நிரந்தரமாகப் பாதுகாக்கச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடும். பத்திரம் பதிகிற அதே ரிஜிஸ்டர் ஆபீஸ்தான். நாம் தேடுகிற ஐம்பது, எண்பது வருஷத்துப் பதிவுக்கு நேராக அங்கே போங்கள்.

எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு ஆரம்பத்திலேயே ஓடாதீர்கள். அங்கே அரசாணைகள், வருவாய் ஆவணங்கள், கெஜட்டுகள் ஏராளம். உங்கள் ஊர்ப் பிறப்பு வரி அங்கே இராது.

விண்ணப்பத்தில் குழந்தையின் பெயருக்குக் கீழே கோடு போட்டு அழுத்தாதீர்கள். ‘இன்ன கிராமம், தகப்பனார் இன்னார், தாயார் இன்னார், ஆண் அல்லது பெண் குழந்தை, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிக்குள்’ என்று எழுதுங்கள். தேடுதல் கட்டணம் வருஷக் கணக்கில் வாங்குவார்கள், அதனால்தான் மூன்றாம் படியில் அத்தனை நேரம் செலவழித்தோம். ‘1925லிருந்து 1945க்குள்’ என்று எழுதிக் கொடுத்தால் கட்டணமும் ஏறும், தேடுகிறவர் முகமும் மாறும்.

வருஷ எல்லையில் கவனம். பதிவேடு பதிந்த தேதி வரிசையில் ஓடும். டிசம்பர் கடைசியில் பிறந்தது அடுத்த வருஷப் புத்தகத்தில் இருக்கலாம். பிறந்து பல வருஷம் கழித்து, வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ வேண்டி உத்தரவு வாங்கிப் பதிந்தவர்களும் உண்டு; ஒரு வருஷத்துக்கு மேல் தாமதமானால் அந்தக் காலத்தில் நீதிமன்ற உத்தரவு வேண்டும், இப்போது ஆர்.டி.ஓ. எனும் வருவாய்க் கோட்டாட்சியர் உத்தரவு. 1955இல் பிறந்தவருடைய பதிவு 1983 புத்தகத்தில் இருந்தால் இதுதான் காரணம்.

‘உங்களுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம், எதற்குக் கேட்கிறீர்கள்’ என்று ஓர் அலுவலகத்தில் என்னை அரை மணி நேரம் நிற்கவைத்துக் கேட்டார்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, யார் வேண்டுமானாலும் பதிவேட்டில் தேடச் சொல்லிக் கேட்கலாம் என்கிறது. அதே பிரிவு, இறப்புச் சான்றில் சாவுக்கான காரணத்தைக் காட்டக்கூடாது என்றும் சொல்கிறது. ஆக, தாத்தா எதனால் இறந்தார் என்று சான்றில் எழுதித் தரச் சொல்லி வாதாடாதீர்கள், அது அவர்கள் கையில் இல்லை. பிரிவு எண்ணைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஆனால் எடுத்தவுடன் அதை நீட்டாதீர்கள். ‘குடும்ப வரலாறு எழுதுகிறேன் சார், பாட்டி பிறந்த வருஷம் தெரியவில்லை’ என்று சொன்னால் பாதி இடங்களில் வேலை நடந்துவிடும்.

கம்ப்யூட்டரில் அச்சடித்துத் தரும் சான்றோடு திருப்திப்படாதீர்கள். அதில் சில கட்டங்கள்தான் வரும். மூலப் பதிவேட்டில் உள்ள வரியைக் கண்ணால் பார்த்து எழுதிக்கொள்ள அனுமதி கேளுங்கள்.

ஆறாம் படி: அந்த ஒரு வரியைப் படிப்பது

பழைய பக்கத்தைத் திறந்ததும் முதலில் பயமாகத்தான் இருக்கும். மசி பரவி, ஓரம் பொடிந்து, எழுத்தெல்லாம் கோணலாக. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய துதிக்கை வைத்த ‘லை’, ‘னை’ இருக்கும். தமிழ் எண்கள் இருக்கலாம். அப்புறம் மூன்று குறிகள்: ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம். நான்காவதாக ௸ என்று ஒன்று வரும். ‘மேற்படி’ என்று அர்த்தம். ஊர்ப் பத்தியிலும் ஜாதிப் பத்தியிலும் முதல் வரியில் ஒரு சொல், பிறகு பக்கம் முழுக்க ௸, ௸, ௸. உங்கள் ஆளின் வரியில் ௸ இருந்தால் மேலே மேலே போய் முதல் சொல்லைப் பிடியுங்கள். சில சமயம் முந்தின பக்கத்துக்கே போக வேண்டியிருக்கும். நான் ஜாதிப் பத்தியில் இருந்த ௸ஐ ஏதோ எழுத்து என்று நினைத்துப் பத்து நிமிஷம் முறைத்துக்கொண்டிருந்தேன்.

பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் மனம் தளராதீர்கள். பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவதால் அது சகஜம். தகப்பன் பெயர், பால், தேதி மூன்றும் பொருந்தினால் உங்கள் ஆள்தான். ஆனால் அதே ஊரில் அதே பெயரில் இன்னொரு தகப்பன் இருந்தாரா என்று முன்னும் பின்னும் இரண்டு மூன்று வருஷத்தைப் பாருங்கள். அப்படிப் பார்க்கும்போது வீட்டில் யாருமே பேசாத குழந்தைகள் வெளியே வரும். அப்பத்தாவுக்குப் பின்னால் இரண்டு வருஷத்தில் அதே தகப்பன் பெயரில் ஓர் ஆண் குழந்தை. அடுத்த வருஷ இறப்புப் பதிவேட்டில் அதுவே, ‘சுரம்’ என்ற காரணத்தோடு. குடும்பத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

இறப்புப் பதிவேட்டில் வயதைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது, எழுபது, எண்பது என்று முழு எண்ணாக இருந்தால் யாரோ குத்துமதிப்பாகச் சொன்னது. தகவல் சொன்னவர் யார் என்ற கட்டத்தைப் பாருங்கள்: மகன் சொன்ன வயதும் தலையாரி சொன்ன வயதும் ஒன்றல்ல.

ஓரத்தையும் படியுங்கள். சட்டப்படி பதிவில் பிழை திருத்தும்போது மூல வரியைத் தொடக்கூடாது. திருத்தத்தை ஓரத்தில்தான் எழுத வேண்டும். பிற்பாடு சேர்த்த பெயர், மாறிய தகப்பன் பெயர் எல்லாம் அந்த ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கும்.

ஏழாம் படி: கல்யாணம்

இங்கே ஏமாற்றத்துக்குத் தயாராக இருங்கள். இந்துக் கல்யாணங்களுக்குப் பதிவு என்பதே அண்மைக் கால விஷயம். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் பதிவுக்கு இடம் கொடுத்தது, கட்டாயப்படுத்தவில்லை. தமிழ்நாட்டில் எல்லா மதத்தாருக்கும் திருமணப் பதிவு கட்டாயமானது 2009 நவம்பர் 24 முதல். சுயமரியாதைத் திருமணம் செய்தவர்களுக்கு 1967ஆம் ஆண்டுத் திருத்தம் சட்ட அங்கீகாரம் தந்தது, முன்பு நடந்தவற்றுக்கும் சேர்த்தே. அந்தக் கல்யாணங்களுக்கு ‘குடி அரசு’ போன்ற இயக்கப் பத்திரிகைகளின் பழைய இதழ்களைப் பாருங்கள். யார் தலைமை, மணமக்கள் எந்த ஊர் என்று செய்தி போட்டிருப்பார்கள்.

மற்றபடி தாத்தா பாட்டி கல்யாணத்துக்கு அரசாங்கப் பதிவு இல்லை. அந்த இடத்தை நிரப்புவது மொய் நோட்டு. மரப்பெட்டிக்குள் மஞ்சள் தடவிய முதல் பக்கத்தோடு நீள நோட்டாக இருக்கும். வரிக்கு வரி ஊர், பெயர், தொகை. மாமன் மொய் தனியாக இருக்கும். அதில் பாட்டியின் பிறந்த வீட்டு ஆண்கள் ஊர்ப் பெயரோடு வரிசையாக நிற்பார்கள். நான்காம் படியில் தேடிய தாய்வீட்டு ஊர் இங்கேதான் கிடைக்கும். எனக்கு எந்தச் சார்பதிவாளர் புத்தகமும் தராத உறவு முறையை ஒரு மொய் நோட்டு தந்தது. அதோடு பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘இன்னார் பேரன், இன்னார் குமாரர்’ என்று மூன்று தலைமுறையை அது ஒரே மூச்சில் சொல்லிவிடும். பத்திரப் பதிவு 1860களிலேயே தொடங்கிவிட்டதால், நிலம் இருந்த குடும்பம் என்றால் பிறப்புப் பதிவேடு கைவிடும் இடத்தில் பத்திரம் கைகொடுக்கும்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு. கிறிஸ்தவர்களுக்கு இதில் யோகம்தான். சர்ச்சில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று புத்தகம். 1872ஆம் ஆண்டுக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி திருமணப் பதிவின் நகல் அரசாங்கத்துக்கும் போகும். சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தின் பதிவேடு 1680இல் எலைகு யேலின் (பிற்பாடு சென்னைக் கவர்னர் ஆனவர்) திருமணத்தோடு தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் சென்னை சர்ச் பதிவுகளின் நகல்கள் 1698 முதல் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர். ஊர் சர்ச் பதிவேட்டுக்குப் பங்குத்தந்தையைத்தான் பார்க்க வேண்டும். பழைய கத்தோலிக்கப் பதிவுகள் லத்தீனில் இருந்தால் மிரளாதீர்கள், ஒரே வாசகம்தான் திரும்பத் திரும்ப வரும்.

புதுச்சேரி, காரைக்கால் வேர் உள்ளவர்கள்

பிரெஞ்சு ஆட்சியின் பதிவுமுறை நம்முடையதைவிடப் பல மடங்கு கறார். பிறப்பு வரியின் ஓரத்திலேயே பிற்காலத்துத் திருமணம் குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் ஒரு சிக்கல்: 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, தங்கள் சொந்தச் சாதி, மத வழக்காறுகளைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு முன்னோடியாக நின்ற பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லாப்போர்த்’ ஆனார். கதவு என்று அர்த்தம். உங்கள் குடும்பத்தில் பிரெஞ்சுப் பெயர் இருந்தால் அந்தப் பெயர் எடுத்த நாளுக்கு முன் தமிழ்ப் பெயரில் தேட வேண்டும். பழைய பதிவேடுகளில் கணிசமானவை பிரான்சில் எய்க்ஸ் நகரத்தில் உள்ள கடல்கடந்த ஆட்சிப்பகுதிகளின் ஆவணக் காப்பக இணையதளத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்கக் கிடைக்கின்றன.

இலங்கை வேர் உள்ளவர்கள்

இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867இலேயே தொடங்கிவிட்டது. பிரதேச செயலகத்திலோ பதிவாளர் நாயகம் திணைக்களத்திலோ கேட்டுப் பெறலாம். சுதந்திரத்துக்குப் பிந்தைய பிறப்புச் சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால் அதன் ஏழாவது, எட்டாவது கூடுகளைப் பாருங்கள். பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம். தகப்பன் இலங்கையில் பிறக்காமல் பூட்டனார் பிறந்திருந்தால் அவருடையவை. 1948 குடியுரிமைச் சட்டம் பரம்பரையைக் கேட்டதன் தடம் அது. லட்சக்கணக்கான மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கிய சட்டம், குடும்ப வரலாறு தேடுகிறவனுக்கு ஒரே தாளில் நான்கு தலைமுறையைத் தந்துவிடுகிறது. ஏழாவது கூடு வெறுமையாக இருந்தால் அதுவும் ஒரு தகவல்: அந்தத் தலைமுறை கடல் தாண்டி வந்தது, தேடலைத் தமிழ்நாட்டுப் பக்கம் திருப்புங்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் திரும்பி வந்த குடும்பங்கள் அப்போதைய பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் எடுத்துப் பார்க்கலாம். பூர்வீக ஊர் அவற்றில் இருக்கக்கூடும்.

கடைசிப் படி: எழுதி வைப்பது

கிடைத்தால் ஆபீஸ் பெயர், கிராமம், வருஷம், புத்தகம், பக்கம், வரிசை எண் எல்லாவற்றையும் அங்கேயே நின்று எழுதுங்கள். கிடைக்காவிட்டால் பதிவு இல்லை என்று எழுத்தில் சான்று கேட்டு வாங்குங்கள். எந்த ஊர், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை தேடினார்கள் என்பது அதில் இருக்க வேண்டும், இல்லையேல் இரண்டு வருஷம் கழித்து அதையே மறுபடி தேடுவீர்கள். நான் அப்பத்தாவின் வரியைக் கண்ட சந்தோஷத்தில் பக்க எண்ணைக் குறிக்காமல் வந்துவிட்டு, அடுத்த வாரம் அதற்கென்றே திரும்ப பஸ் ஏறினேன்.